ஓரா குத்திய கையும் தூண்டில் தடியும்: கச்சாய்க் கரையில் அறுந்துபோன ஒரு பாடம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் தூண்டில் தடி கேட்டு நச்சரிக்கிற பிள்ளைகள் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன பாடசாலை விடுமுறையில் எங்களிடம் படிக்கும் பையன் ஒருவன் இணையத்தில் ஓடர் பண்ணி ஒரு தடியும் ரீலும் எடுத்திருந்தான். கொடிகாமத்தில் இருந்து சைக்கிளை மிதித்துக் கச்சாய்க் கரைக்குப் போனான். அரை மணித்தியாலத்தில் ஓரா ஒன்று கொழுவிவிட்டது. சந்தோசத்தில் மீனை முழுக்கையால் பொத்திப் பிடித்தான். அடுத்த நிமிடம் கரை முழுக்கக் கேட்கக் கத்தினான்.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு ஐயா ஓடிவந்தார். "ஓராவைப் போய் ஆரும் பொத்திப் பிடிப்பினமோ, மோனே? உன்ர கொப்பர் சொல்லித் தரேல்லையோ?" என்று கேட்டபடியே பக்கத்து வீட்டில் தண்ணீர் சுடவைக்கச் சொன்னார். கையைச் சுடுதண்ணீரில் வைத்த பிறகுதான் கடுப்பு அடங்கியது.

பின்னேரம் பையனின் தகப்பன் எங்களிடம் சொன்னார்: "சேர், எனக்கும் அது தெரியாது. எனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

கடலில் இருந்து நாலைந்து கிலோமீற்றரில் பிறந்து வளர்ந்த மனிதர். ஓராச் சொதி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் உயிரோடு இருக்கிற ஓராவை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. அது அவருடைய பிழை இல்லை. அந்த அறிவு எப்படி இல்லாமல் போனது என்று யோசித்துப் பார்த்தோம். அதுதான் இந்தப் பதிவு.

*

தடியின் கதையை முதலில் பார்ப்போம்.

தூண்டில் மனிதனின் மிகப் பழைய கருவிகளில் ஒன்று. யப்பானின் ஒக்கினாவாத் தீவில் ஒரு குகைக்குள் சிப்பியால் செய்த தூண்டில்கள் கிடைத்தன. ஏறக்குறைய 23,000 ஆண்டுகள் பழையவை. சிந்துவெளியில் செம்பினால் செய்த தூண்டில்கள் கிடைத்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் தூண்டில் போடும் பாணர்கள் வருகிறார்கள். அப்போது தொட்டு இன்றுவரை நாம் அதைத் 'தூண்டில்' என்றே சொல்கிறோம். பொருளும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

மாறியது தடியும் நூலும்தான். ஐசாக் வோல்டன் என்ற ஆங்கிலேயர் 1653இல் தூண்டில் கலையைப் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. அவருடைய காலத்தில் நூல் என்பது குதிரை வால் மயிரை முறுக்கித் திரித்தது. எங்கள் பக்கத்தில் பருத்தி நூல். உப்புத் தண்ணீரில் பருத்தி சீக்கிரம் உக்கிவிடும். மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, காயவைத்து, திரும்பத் திரும்பப் பராமரிக்க வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் இலங்கைக்குத் தூண்டிலை ஒரு விளையாட்டாகக் கொண்டுவந்தார்கள். 1880களில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் வெளிநாட்டு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டத் துரைமார் பொழுதுபோக்காகப் பிடித்தார்கள். அதே காலத்தில் எங்கள் பரவைக்கடலில் தூண்டில் என்பது மத்தியானக் கறி. களங்கண்டி, சிறகுவலை, வீச்சுவலை எல்லாம் தொழிலாளர் கையில். அவற்றுக்கு முதல் வேண்டும், ஆள் வேண்டும். மூங்கில் தடியும் நூலும் மட்டும் ஒரு சிறுவனுக்கும் கிடைக்கும். அதனால்தான் கடலைப் பற்றிய முதல் பாடம் தூண்டிலில் தொடங்கியது.

1905இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட்டைச் சேர்ந்த அல்பிரட் இலிங்வேர்த் என்ற துணி ஆலைக்காரர், ஆலையில் நூல் சுற்றும் முறையைப் பார்த்து, சுருள் சுழலாமல் நூல் மட்டும் கழன்று போகும் ரீலுக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று பிள்ளைகள் வாங்கும் ரீலுக்கு அதுதான் பாட்டன். 1938இல் அமெரிக்காவில் டியூபொன்ட் நிறுவனம் நைலோனை அறிவித்தது. நாங்கள் தங்கூசி என்று சொல்லும் இழை அப்படி வந்தது. உக்காது, தண்ணீருக்குள் தெரியாது. 1940களின் கடைசியில் பைபர் கிளாஸ் தடி கடைக்கு வந்தது. 1970களில் காபன் இழைத் தடி வந்தது.

ஆக, உலகத்தில் கருவி வேகமாக வளர்ந்த காலம் அது. அடுத்த இருபது ஆண்டுகள் எங்கள் கரையில் என்ன நடந்தது?

*

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. யாழ்தேவி நின்றது. கொடிகாமம் ஸ்ரேசன் வெறிச்சோடியது.

அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சாவகச்சேரியில் இருந்த எங்கள் ஆட்கள் மாத நடுவிலேயே போக வேண்டி வந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். தென்மராட்சியில் உசன் பக்கம்தான் சோனகர் முதலில் குடியிருந்தார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் ஒரு பழைய மரபு உண்டு. அப்படி நினைத்திருந்த மண்ணை விட்டுப் பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனோம்.

இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஆனையிறவும் பூநகரியும் அடைபட, கிளாலிக் கடல்தான் வெளியே போகும் வழி ஆனது. இரவில், விளக்கில்லாமல், படகில். 1993 ஜனவரி 2ஆம் திகதி கிளாலிக் கடலில் நடந்ததை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பரவைக்கடல் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூண்டில் போடப் போகிற இடம் என்ற எண்ணம் அந்த நாட்களில் செத்துப்போனது.

1995 ஒக்டோபர் 30. எங்களை அனுப்பிச் சரியாக ஐந்து ஆண்டுகள். வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு வந்தது. கொடிகாமத்துப் பள்ளிக்கூடங்கள், கோயில்கள், மரநிழல்கள் எல்லாம் நிரம்பின. 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. கடலுக்குப் போவதற்குப் பாஸ், நேரம், தூரம் என்று கட்டுப்பாடு. 2009 மே மாதம்தான் யுத்தம் முடிந்தது.

கணக்குப் பாருங்கள். 1990இல் அந்தப் பையனின் தகப்பனுக்குப் பத்து வயது. தூண்டில் பழகுகிற வயது அதுதான். யுத்தம் முடியும்போது இருபத்தொன்பது. பழகுகிற காலம் முழுக்கக் கடல் அவருக்குப் பூட்டப்பட்டிருந்தது. தொழில் செய்கிற குடும்பங்கள் அந்த அறிவை எப்படியோ காப்பாற்றிக்கொண்டன. கரையில் நின்று பார்த்துப் பழகும் மற்றப் பிள்ளைகளுக்கு அது அறுந்தது.

எங்களுக்கு ஓராவைப் பிடிக்கச் சொல்லித் தந்தது புத்தளக் கரை. நாங்கள் பரவைக்கடல் என்பதை அவர்கள் களப்பு என்றார்கள். மீன் ஒன்றுதான், முள்ளும் ஒன்றுதான். முகாமில் ஓலைக் குடிலில் இருந்த நாட்களில் எங்கள் வாப்பாமார் கறிக்காகத் தூண்டில் போட்டார்கள். அங்கத்தைய மீனவர்கள் அகதி, அந்நியன் என்று பார்க்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நாங்கள் திரும்பிக் கொண்டுவந்திருக்கிறோம். இந்த ஊருக்குத்தான் அது சேர வேண்டும்.

*

முதலில் தடி.

பரவைக்கடல் பல இடங்களில் இடுப்பளவு, கழுத்தளவுதான். பெரிய தடி தேவையில்லை. முதல் தடி 6 முதல் 7 அடி போதும். நாகர்கோவில், செம்பியன்பற்றுப் பக்கம் அலைக்கு மேலால் எறிய 10, 12 அடித் தடி வேண்டும். அது இரண்டாம் வருசத்துக்கு.

காபன் தடி பாரம் குறைவு, ஆனால் அடிபட்டால் வெடிக்கும். பழகுகிற கைக்குப் பைபர் கிளாஸ் நல்லது. இன்னொன்று: காபன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே தூக்கிப் பிடிக்க வேண்டாம். எந்தத் தடியாக இருந்தாலும், மாரியில் இடி முழங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

நுனியை மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு வளைந்து, விட்டவுடன் நேராக வேண்டும். நூல் போகும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் கீறல் இருக்கிறது, அது நூலை அறுக்கும். 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 முதல் 12 இறாத்தல் தாங்கும் தங்கூசி. ரீலில் உள்ள திருகியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். மீன் பலமாக இழுத்தால் நூல் விட்டுக்கொடுக்க வேண்டும், அறக்கூடாது.

ஓராவுக்குச் சின்ன வாய், தின்பது பாசி. சின்னத் தூண்டிலும் பாண் உருண்டையும் போதும். தூண்டிலின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயில் இருந்தும் சுகமாகக் கழரும், உங்கள் விரலில் இருந்தும் சுகமாகக் கழரும். வீட்டுக்கு வந்ததும் தடியையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் போடாதீர்கள். பறவையின் காலில் சுற்றினால் அது உக்கி விழாது.

இனி மீன்.

ஓராவின் முதுகில் 13 முள், அடிச்செட்டையில் 7, வயிற்றுச் செட்டைகளில் 4. மொத்தம் 24. எல்லாவற்றிலும் நஞ்சு. செத்த மீனும் குத்தும், ஆகவே சட்டியில் போடமுன் கத்தரிக்கோலால் முள்ளை வெட்டுங்கள். பிடித்தவுடன் நூலில் தொங்கவிட்டுக் குறட்டால் தூண்டிலைக் கழற்றுங்கள். கை படவே தேவையில்லை.

கெளிற்றுக்கு மூன்று முள்: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. வாள் போலப் பல் உள்ளவை. திருக்கை கொழுவினால் நூலை வெட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டு நடந்தால் திருக்கை விலகிப் போகும். பேத்தையைத் தின்னக் கூடாது. எவ்வளவு அவித்தாலும் அதன் நஞ்சு போகாது.

குத்திவிட்டால், கை தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 பாகை, அரை மணியில் இருந்து ஒன்றரை மணி வரை தண்ணீரில் வைத்திருங்கள். இந்த நஞ்சு சூட்டில் முறியும் வகை. கொதிதண்ணீர் வேண்டாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, குத்தாத கையால் சூடு பாருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் முள் முறிந்திருக்கிறதா என்று காட்டி, ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள். மூச்சு முட்டினால், தலை சுற்றினால் சுடுதண்ணீருக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

சின்ன மீனைத் திரும்ப விடுங்கள். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் உடலில் உள்ள வழுவழுப்புப் போய், நோய் தொற்றும். சுடுமணலில் எறியாதீர்கள். கறிக்கு என்றால் தலையில் ஓர் அடி, உடனே ஐஸ். மீனை அறுத்து ஹலாலாக்கத் தேவையில்லை என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்காக அதைத் துடிக்க விட்டு செல்பி எடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

*

2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம் வரை ரயில் மறுபடி ஓடியது. தண்டவாளத்தை இயந்திரம் கொண்டுவந்து திரும்பப் போட்டார்கள். வயது போனவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தை அப்படி யாரும் வந்து போட்டுத் தர மாட்டார்கள். அதை நாமே செய்ய வேண்டும். தெரிந்தவர்களுக்கும் வயது போகிறது.

அந்த ஐயாவிடம் போய்க் கேட்டோம், பிள்ளைகளுக்கு ஒரு காலமை சொல்லித் தருவீர்களா என்று. "தடியளை நீங்கள் கொண்டுவாங்கோ, மீனை நான் காட்டுறன்" என்றார். வாற சனிக்கிழமை காலை கச்சாய்க் கரை. பிள்ளைகளோடு தகப்பன்மாரும் வாருங்கள். குத்துப்பட்ட பையனும் வருகிறான், குறட்டோடு.