எலியும் வீடும்: மூன்று ஊர்கள் தரும் பாடம்



'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோன நம்மவர் பலர், அந்த வாக்கின்படியே எப்படியோ ஓர் அடுக்குமாடி வீட்டைத் தேடிக்கொண்டார்கள். போன பிறகுதான் தெரிகிறது, அந்த வளை தனி வளை அன்று என்பது. அரிசி மூட்டைக்குப் பின்னால் சுண்டெலி ஒன்று ஏற்கெனவே குடியிருக்கிறது! பொறி வைத்தால் இரண்டு விழுகின்றன. பத்து நாள் அமைதி. மறுபடியும் இரவில் அதே சுரண்டல் சத்தம். மருந்து வைத்தாலும் அதே கதைதான். இதற்கிடையில், "வீடு சுத்தமாக இருந்தால் எலி ஏன் வருகிறது?" என்று அயலார் பேசும் பேச்சு வேறு.

எலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அது வருவது யாருடைய குற்றம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரலாறு தெளிவாகவே பதில் சொல்லுகிறது.

முதலில் மிகப் பழைய காலத்துக்குப் போவோம். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர் சிலர் அலைந்து திரிவதை விட்டு ஓரிடத்தில் நிலையாகத் தங்கத் தொடங்கினர். உழவுத் தொழில் அப்போது இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த இடங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் எலிப் பற்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். மக்கள் நீண்ட காலம் தங்கிய இடங்களில் வீட்டுச் சுண்டெலியே மிகுந்திருந்தது. மக்கள் மீண்டும் அலையத் தொடங்கிய காலங்களில் அது குறைந்து, காட்டுச் சுண்டெலி பெருகியது. அரிசியும் கோதுமையும் களஞ்சியத்துக்கு வருமுன்பே, நிலையான வீட்டைத் தேடிச் சுண்டெலி வந்துவிட்டது என்பது இதனால் விளங்கும். சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில், மனிதருக்கு அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தது. ஆக, வீடு, எலி, பூனை ஆகிய மூன்றின் உறவும் மிகப் பழையது.

எலிகளை ஒழிக்க அரசாங்கங்கள் பெருமுயற்சி எடுத்தது பிளேக் நோயினால். 1894இல் ஹாங்காங்கில் அந்நோயின் கிருமியை அலெக்சாண்டர் எர்சின் கண்டறிந்தார். 1896இல் நோய் பம்பாய்க்கு வந்தது. அதன்பின் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சைமன் சோதனை செய்து காட்டினார். அது முதல், எலியைக் கொல்லுவது அரசாங்க வேலையாயிற்று.

அந்த வேலை ஹனோய் நகரில் எப்படி நடந்தது என்று பாருங்கள். அப்போது வியட்நாமைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டனர். 1897 முதல் 1902 வரை ஆளுநராக இருந்த பால் டூமர், ஹனோயைப் பாரிஸ் போல ஆக்க விரும்பினார். பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதிக்கு நிலத்தடிச் சாக்கடைகள் கட்டப்பட்டன. இருட்டும் ஈரமும் நிறைந்த அந்தச் சாக்கடை, எலிகளுக்கு இராஜபாட்டையாகிவிட்டது. குழாய்களின் வழியாக ஏறி அவை பெரிய மனிதர் வீடுகளுக்குள்ளேயே வந்தன.

1902 ஏப்ரலில் வியட்நாமியத் தொழிலாளர்களைச் சாக்கடைக்குள் இறக்கி எலி வேட்டை தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் 20,000க்கும் மேற்பட்ட எலிகள் கொல்லப்பட்டன. அப்படியும் எலி குறையவில்லை. பிறகு, பொதுமக்களே எலி பிடிக்கலாம், ஒரு வாலுக்கு ஒரு காசு தரப்படும் என்று அறிவித்தனர். வால்கள் குவிந்தன. ஆனால் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடத் தொடங்கின! வாலை மட்டும் வெட்டிக்கொண்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். ஊர்ப்புறத்தில் சிலர் எலிப் பண்ணையே வைத்திருந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. பிளேக் நோயும் பின்னர் ஹனோயைத் தாக்கவே செய்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலிக்கு வழி திறந்துவிட்டது அரசாங்கம் கட்டிய சாக்கடை. பழி விழுந்ததோ ஏழை மக்களின் தலைமீது.

இரண்டாவது ஊர் நமக்கு அண்டை நாட்டில் இருக்கிறது. 1910இல் ஜாவாத் தீவில் அரிசி போதாமல், பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்தனர். மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் உண்ட அதே இரங்கூன் அரிசிதான். சுரபாயாத் துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகளோடு நோயுற்ற எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வந்தன. 1911இல் மாலாங் வட்டாரத்தில் பிளேக் பரவியது.

அங்கே சென்று பணிபுரியத் தாமாக முன்வந்தவர்களுள் ஒருவர் ஜாவானிய மருத்துவரான சிப்தோ மங்குன்குசுமோ. நோயினால் அநாதையான ஒரு பெண் குழந்தையை அவர் எடுத்து வளர்த்தார் என்பது அவருடைய வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படுகிறது.

டச்சு அரசாங்கம் முதலில் மக்களை வீட்டை விட்டு வெளியேற்றியது. சில வீடுகள் கொளுத்தவும்பட்டன. 'எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற் போல' என்ற பழமொழி அங்கே நிஜமாகவே நடந்தது எனலாம். பிறகுதான் மருத்துவர்கள் வீடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த வீடுகள் மூங்கிலால் ஆனவை. மூங்கில் உள்ளே கூடு அல்லவா? தூணின் நுனியில், உத்தரத்தில், கட்டில் காலில் கூட எலிகள் கூடு கட்டியிருந்தன. வேய்ந்த கூரைக்குள்ளும் இருந்தன. உறங்குபவரின் தலைமாட்டிலேயே எலி குடும்பம் நடத்தியது!

அதன்பின் வீடுகளைத் திருத்தும் பெருந்திட்டம் தொடங்கிற்று. மூங்கிலுக்குப் பதில் மரம், வேய்ந்த கூரைக்குப் பதில் ஓடு, திறந்திருந்த மூங்கில் நுனிகளுக்கு அடைப்பு என்று செய்தார்கள். 1942 வரையில் ஏறக்குறைய 15 இலட்சம் வீடுகள் இவ்வாறு திருத்தப்பட்டன. 1934இல் லூயி ஒட்டன் என்ற மருத்துவர் உருவாக்கிய தடுப்பூசியும் சேர்ந்த பிறகு நோய் வேகமாகத் தணிந்தது. அதற்குள் மாண்டவர்கள் 2 இலட்சத்துக்கும் மேல். இதிலும் ஒரு குறை உண்டு. திருத்தச் செலவை அரசாங்கம் கடனாகவே தந்தது. அந்தக் கடனைத் தவணை தவணையாகக் கட்டியவர்கள் அந்த ஏழைக் குடியானவர்களே.

மூன்றாவது ஊர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். 1940களில் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் தெருத்தெருவாக எலிகளைக் கணக்கெடுத்தார்கள். டேவிட் டேவிஸ் என்ற அறிஞர் அதில் முக்கியமானவர். ஒரு தெருவில் எலிகளைப் பிடித்தும் நஞ்சு வைத்தும் குறைத்தார்கள். சில காலம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பழைய எண்ணிக்கையே திரும்பியிருந்தது. காரணம் எளிது. ஒரு தெருவில் கிடைக்கும் உணவுக்கும் ஒளிவிடத்துக்கும் தக்கபடியே எலிகள் வாழும். பாதியைக் கொன்றால், எஞ்சியவற்றுக்குப் பங்கு கூடுகிறது. குட்டிகள் அதிகமாகப் பிழைக்கின்றன. ஆனால் குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, வேலிகளையும் வீடுகளையும் பழுதுபார்த்த இடங்களில், எலிகள் குறைந்தன, குறைந்தபடியே இருந்தன.

அதே காலத்தில் புதிய மருந்து ஒன்றும் வந்தது. 1948இல் வார்ஃபரின் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தபோது, இனி எலித் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்கள். பத்தே ஆண்டுகளில், 1958இல், ஸ்காட்லாந்தில் அந்த மருந்தைத் தின்றும் சாகாத எலிகள் தோன்றின. பின்னர்ச் சுண்டெலிகளிலும் அப்படிப்பட்டவை காணப்பட்டன.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சுண்டெலி மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமே குட்டி போடும் பருவத்தை அடையும். நமது பொறியால் இந்தக் கணக்கோடு போட்டியிட முடியுமா? செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைக்கிறார்கள். வெளியில் அது நல்ல வழி. அடுக்குமாடிச் சுவருக்குள் ஆந்தை நுழையாது. ஆகவே நாம் அடைக்க வேண்டியது வழியைத்தான்.

பென்சில் பருமனுள்ள ஓட்டை போதும், சுண்டெலி உடலை நெளித்து நுழைந்துவிடும். குழாய் சுவருக்குள் போகும் இடம், கழுவு தொட்டிக்கு அடியில், கதவின் கீழ் இடுக்கு, அடுப்புக்குப் பின்புறம் ஆகிய நான்கு இடங்களையும் விளக்கு வைத்துப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை ஓட்டைக்குள் திணித்து, அதன்மேல் சிமெண்டு பூசுங்கள். துணியையும் காகிதத்தையும் எலி கடித்துவிடும், கம்பியைக் கடிக்காது. அரிசியையும் பருப்பையும் மூடியுள்ள டின்னில் போடுங்கள். இரவில் குப்பையை வீட்டில் வைக்காதீர்கள். பொறியைச் சுவரோரமாக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். குழந்தைகள் உள்ள வீட்டில் நஞ்சைத் தவிர்ப்பது நல்லது. எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காமல், கிருமிநாசினி தெளித்துத் துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

இவ்வளவும் ஒரு வீட்டார் செய்துவிட்டால் போதுமா? போதாது. ஒரே குழாய் பத்து மாடிக்கும் ஓடுகிறது. நம் வீட்டில் அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து வேறு வழியாகத் திரும்பும். எனவே ஒரு மாடியிலுள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து அடைக்க வேண்டும். பொதுக் குழாயும் குப்பைக் கிடங்கும் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு. அவற்றைப் பழுதுபார்க்கும்படி பலரும் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுப்பது நம் உரிமை.

வீட்டில் எலி வந்துவிட்டதே என்று எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை. பழி சொல்லுகிற அயலாரிடம், "வாருங்கள், ஓட்டை எங்கே இருக்கிறது என்று இருவருமாகப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஹனோயில் வாலை எண்ணினார்கள்; எலி பெருகியது. ஜாவாவில் வீட்டைப் பார்த்தார்கள், வழி பிறந்தது. நாமும் வீட்டைப் பார்ப்போம்.