தானியேலின் மரக்கறி

பாபிலோன் அரண்மனையிலே அரசனது போசனத்தையும் திராட்சை ரசத்தையும் விலக்கிய தானியேலும் தோழர் மூவரும், 10 நாள் மரக்கறியும் தண்ணீருமே கொண்டு, மற்றையோரினும் செழித்த முகத்தராயினர் என்கிறது பைபிள். இதனை ஆரோக்கிய விதியெனப் போற்றுவோர் பலர். மரக்கறி நன்றே. ஆயினும், அதே நூலின் 10-ஆம் அதிகாரத்தில் தானியேல் துக்கத்தால் மூன்று வாரம் இறைச்சியை ஒழித்தார் என்றிருத்தலின், ஏனைய நாளில் அதனை உண்டார் என்றே நாம் கொள்ளவேண்டும்.

அந்நூல் ஏறக்குறைய கி.மு. 165-இல் முடிவுற்றதென்பர் ஆராய்ச்சியாளர் பலர். அக்காலத்தே சிரியாவை ஆண்ட அந்தியோகஸ் மன்னன் யூதரைப் பன்றியிறைச்சி தின்னுமாறு வதைத்தான். முதியவர் எலெயாசர் மறுத்து மாண்டார் என மக்கபேயர் இரண்டாம் நூல் கூறும். அவ்வாறு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அக்கதை ஊட்டியது பத்தியமன்று, தன்மானம். பிறர் உணவை ஆணையால் மாற்ற எவ்வரசனுக்கும் உரிமையில்லை என்பதே நாம் பெறும் பாடம்.