மிளகாய்த்தூளும் வாக்குமூலமும்

இலங்கையின் பழைய சட்டங்களுள் ஒன்று 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம். அதன் 25ஆம் பிரிவு மிகச் சிறியது. ஒருவர் பொலிஸ் அதிகாரியிடம் கூறிய குற்ற ஒப்புதலை அவருக்கெதிரான சான்றாக நீதிமன்றத்தில் நிறுவலாகாது என்பதே அதன் பொருள். நீதிபதியின் முன் கூறினால் செல்லும். காவல் நிலையத்தில் கூறினால் செல்லாது.

பயங்கரவாதத்தை ஒடுக்கவும் வேண்டும், குடிமக்களின் உரிமை குன்றவும் கூடாது. இரண்டையும் எங்ஙனம் இணைப்பது என்னும் வினா நம் நாட்டில் அடிக்கடி எழுகின்றது. எழும்போதெல்லாம் துலாக்கோலை உவமை காட்டுவார்கள். ஒரு தட்டில் பாதுகாப்பாம், மறு தட்டில் உரிமையாம். ஒன்று கனத்தால் மற்றது மேலே போய்த்தான் ஆகவேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வுவமை உண்மைக்குப் பொருந்துமா? மேற்சொன்ன சிறு பிரிவு எங்கே பிறந்தது, நம் நாட்டில் எப்போது யாரால் ஒதுக்கப்பட்டது, ஒதுக்கியதால் யாருக்கு என்ன பாதுகாப்பு வந்தது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

அது பிறந்த கதை தமிழ் மண்ணோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை மாகாணத்தில் வரி தண்டுபவரும் காவல் நடத்துபவரும் ஒருவரே. தாசில்தாரின் ஆட்கள் நிலவரி கட்டாத உழவனையும், களவுக் குற்றம் சாட்டப்பட்டவனையும் ஒரே முறையில் ‘விசாரித்தனர்’. விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி என்ற மரக்கருவி ஒன்று. கழுத்தைக் காலோடு கயிற்றால் பிணித்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது மற்றொன்று. கண்ணில் மிளகாய்த்தூள் இடுவது எளிதினும் எளிதான முறை. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் நிறுவிய சென்னைச் சுதேசிச் சங்கம் இக்கொடுமைகளை விடாது எடுத்துரைத்தது. இங்கிலாந்திலிருந்து வந்த டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினருக்குக் குடியானவர்களின் நிலையைக் காட்டியது. 1854இல் அவர் இலண்டனில் இதனை எழுப்ப, விசாரணைக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, கிட்டியையும் மிளகாய்த்தூளையும் பெயர் சொல்லியே பதிவு செய்தது. சென்னை மாகாணத்துக்குத் தனிப் பொலிஸ் சட்டம் 1859இல் வந்தது. பொலிஸாரிடம் கூறும் ஒப்புதல் செல்லாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872இன் இந்தியச் சான்றுச் சட்டத்துக்குச் சென்று, அங்கிருந்து 1895இல் இலங்கைக்கு வந்தது.

வெள்ளை அரசு நம்மீது கொண்ட அன்பினால் இவ்விதியைத் தந்தது என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. அன்பிருந்தால் 1915இல் இலங்கையில் இராணுவச் சட்டமும் 1919இல் இந்தியாவில் ரௌலட் சட்டமும் வந்திரா. தான் சம்பளம் கொடுத்து வைத்த காவலனையே அவ்வரசு நம்பவில்லை. விதியின் அடிப்படை அவ்வளவுதான். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். காவலர் வதைப்பதற்குக் காரணம் கொடுமைக் குணமன்று, சோம்பலே என்று அநுபவமிக்க அதிகாரி ஒருவர் தம்மிடம் கூறியதை அவர் பின்னாளில் பதிந்து வைத்தார். வெயிலில் அலைந்து தடயம் தேடுவது கடினம்; நிழலில் இருந்துகொண்டு அகப்பட்டவனைக் கதறவைப்பது சுலபம். இவ்வரலாறு முழுவதையும் திறக்கும் திறவுகோல் இந்தச் சோம்பலில் இருக்கின்றது என்பது என் கருத்து.

நிற்க. ஆட்சியாளரின் ஆணையை நீதிமன்றம் கேள்வி கேட்கலாமா என்பது இதனோடு ஒட்டிய வினா. அது 1937இல் நம் நாட்டில் தெளிவாகத் தீர்க்கப்பட்டது. மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தோட்டத் தொழிலாளரின் பக்கம் சாய்ந்து லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் பேசலானார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். ஆட்கொணர் மனு உயர் நீதிமன்றம் சென்றது. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், நெருக்கடிக் காலத்துக்கென ஏற்பட்ட அதிகாரத்தை நெருக்கடி இல்லாதபோது பயன்படுத்தலாகாது எனத் தீர்த்து, 1937 மே மாதம் அவரை விடுவித்தது. முடியின் பிரதிநிதியான தேசாதிபதிகூட நீதிமன்றத்துக்குக் காரணம் காட்டியாக வேண்டியிருந்தது.

அடுத்த பத்தாண்டில் காற்றுத் திசை மாறிற்று. 1947இல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் தொழிலாளர் ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் மாண்டார். அந்த மாதமே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசர அவசரமாக அரசாங்க சபையில் நிறைவேறியது. சபைத் தலைவர் டி. எஸ். சேனநாயக்கா, 1915இல் இராணுவச் சட்டத்தின்கீழ் சிறை சென்றவர் அவரேதான்! சிறைக்குச் சென்றவர்களே பூட்டுக்கு மெருகிடும் விந்தையை நாம் இத்துடன் கண்டு முடித்தோமில்லை. நாடு விடுதலை பெறுமுன்பே பிறந்த அச்சட்டத்தைக் கொண்டுதான் பிற்கால அவசரகால ஆட்சிகள் அனைத்தும் நடைபெற்றன.

1971 ஏப்பிரலில் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். அவர்களை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் வந்தது. பொலிஸாரிடம் கூறிய ஒப்புதலும் சான்றாகலாம் என்றது அச்சட்டம். 1895இன் பிரிவு ஓரங்கட்டப்பட்டது. இதனைச் செய்த அமைச்சரவையில், 1937இல் பிரேஸ்கேர்டிலுக்காகப் போராடிய சமசமாஜக் கட்சியின் தலைவர்களும் வீற்றிருந்தனர். முற்போக்காளராகிய நாம் இதனை மென்று விழுங்கும் வழக்கத்தை இனியேனும் விடல் வேண்டும். வடக்குக்கு வெட்டிய வாய்க்கால் என்று நாம் பின்னாளில் எதைக் கண்டு பதறினோமோ, அது முதலில் தெற்கில்தான் வெட்டப்பட்டது. வெட்டிய மண்வெட்டிகளுள் சில நம்முடையவை.

1977இல் ஆட்சியேறிய ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆணைக்குழுக்கள் சட்டத்தை நீக்கினார்; பாராட்டும் பெற்றார். இரண்டே ஆண்டில், 1979 ஜூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத பதவியினர் முன் கூறிய ஒப்புதலைச் சான்றாக்கியது. அதுமட்டுமன்று, அவ்வொப்புதல் வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால் அதனை நிறுவும் பொறுப்பைக் கைதியின் தலையிலேயே சுமத்தியது. பூட்டிய அறைக்குள் தனக்கு நேர்ந்ததற்குக் கைதி யாரைச் சாட்சிக்கு அழைப்பான்? 9ஆம் பிரிவின்படி அமைச்சர் மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம்வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம். அந்த ஆணையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது 10ஆம் பிரிவு. 1937இல் தேசாதிபதிக்குக் கிடைக்காத விலக்கு, 1979இல் நம் அமைச்சருக்குக் கிடைத்தது. மூன்றாண்டுக்கு மட்டுமெனச் சொல்லப்பட்ட சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

இதற்கு முன்மாதிரிகளுள் ஒன்று இங்கிலாந்திலேயே இருந்தது. 1974 நவம்பர் 21ஆம் திகதி பர்மிங்ஹாம் நகரின் மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர்; எட்டே நாளில், 29ஆம் திகதி, அங்கு ‘தற்காலிக’ பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. அதே குண்டுவெடிப்புக்காக ஆறு ஐரிஷ்காரர்கள், பொலிஸார் அடித்துப் பெற்றதாக அவர்கள் முறையிட்ட ஒப்புதல்களையும் சான்றாகக் கொண்டு, 1975இல் ஆயுட்சிறை பெற்றனர். 1991இல்தான் தீர்ப்பு இரத்தாகி அவர்கள் வெளிவந்தனர். பதினாறு ஆண்டுகள்! உண்மையில் குண்டு வைத்தவர்கள் அத்தனை காலமும் எங்கே இருந்தார்கள் என்று பர்மிங்ஹாம் தாய்மார் கேட்டால் யார் விடை சொல்வது? கட்டாய ஒப்புதல் குற்றமற்றவனைச் சிறைக்கு அனுப்புவதோடு நில்லாமல் குற்றவாளியையும் காப்பாற்றிவிடுகிறது. துலாக்கோல் உவமை முறிவது இந்த இடத்தில்தான். அங்கே உரிமைத் தட்டு மேலே போயிற்று; பாதுகாப்புத் தட்டும் கூடவே போயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1979இல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட பிரிகேடியர் வீரதுங்கவுக்கு, அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டுமென்று ஜனாதிபதி காலக்கெடு விதித்தார். அப்போது வடக்கில் இருந்தவை சிறுசிறு குழுக்களே. காலக்கெடு கடந்தது. 1983 ஜூலை வந்தது. போர் 2009 மே வரை நீண்டது. போருக்குச் சட்டமொன்றே காரணம் என்று நான் கூறவில்லை. மொழி, நிலம், கல்வி, 1983இன் வன்செயல் எனக் காரணங்கள் பல. ஆயினும் ஒழிப்பதற்கென வந்த சட்டம் ஒழித்ததா, வளர்த்ததா என்று எண்ணிப் பார்ப்பதற்கு முப்பது ஆண்டு போதாதா?

அச்சட்டம் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு ஒன்றே போதும். 1993இல் மட்டக்களப்புப் பகுதியில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டவர் அவர். சிங்களம் அறியாதவர். சிங்களத்தில் தட்டச்சிட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. 1995இல் மேல் நீதிமன்றம் அந்த ஒரே சான்றைக் கொண்டு ஐம்பது ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. தான் வாசிக்க முடியாத தாளில் வைத்த கைநாட்டினால் ஒரு மனிதனின் வாழ்நாள் தீர்ந்துவிடக்கூடும் என்பது சட்டமாகவே நிலைத்தது.

சான்று வேண்டாம் என்றான பின் பெயரும் ஊரும் போதுமானவை ஆகிவிடுகின்றன. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்பொழுதில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பாதுகாப்பின் பேரால் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வேலைக்கும் வந்தவர்கள் விடுதிகளில் தங்குவது நம் பகுதியில் அன்றாடக் காட்சி. மாற்றுக் கொள்கைகளுக்கான மையத்தின் மனுவை ஏற்று மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். கேட்டால் நீதிமன்றம் கேட்கும் என்பதற்கும், கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்கும் அந்த ஒருநாள் சான்று.

“தேவாலயத்தில் குழந்தைகள் சிதறிக் கிடக்கையில் சான்றுச் சட்டத்தின் பிரிவுகளைப் பற்றிப் பேசுகின்றீரோ?” என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். 2019 ஏப்பிரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்குளியிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். செவ்வாய்தோறும் இந்துக்களும் மெழுகுதிரி ஏற்றும் அந்தோனியார் கோயிலுக்கு நேர்ந்த அவலம் இவ்வட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் அந்நியமானதன்று. வெடிகுண்டிலிருந்து காக்கப்படுவதும் குடிமகனின் உரிமைதான். உரிமைகளுள் முதலானதும் அதுவே. அதனால்தான் மேலும் ஒரு வினா எழுகின்றது. அன்று பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையில் இல்லையா? இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இருந்தது. எவரையும் பிடிக்கும் அதிகாரம் இருந்தது, தடுத்து வைக்கும் அதிகாரம் இருந்தது. தாக்குதல் வரப்போகின்றது என்ற எச்சரிக்கையும் ஏப்பிரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவைக்குக் கிட்டியிருந்தது. செயற்படுவோர்தாம் இல்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதனை அடிப்படை உரிமை மீறல் எனத் தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலைக்கு ஏழரைக் கோடியும் நட்டஈடு செலுத்தப் பணித்தது. ஸ்டீபனிடம் அந்த அதிகாரி சொன்ன நிழலை இங்கே நினைவுகூர்க.

தாக்குதலுக்குப் பின்னர் விழித்துக்கொண்ட சட்டம் யாரைத் தேடிச் சென்றது என்பது தமிழ் கற்பிக்கும் என் போன்றோரைச் சுடும் செய்தி. மன்னார் மாவட்டத்து இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜசீம் ‘நவரசம்’ என்ற கவிதை நூலை 2017இல் வெளியிட்டிருந்தார். தமிழறியாதோர் அந்நூலில் தீவிரவாதத்தைக் கண்டுபிடித்தனர். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்ததைத் தமிழ் தெரிந்த எவரும் சொல்லியிருப்பர். 2020 மே மாதம் கைதான அவர் 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார்; 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அகராதியைப் புரட்டும் உழைப்பும் கடினமாகிப் போயிற்று. சிங்கராசா வாசிக்க இயலாத தாளில் கைநாட்டு வைத்தார். இங்கோ, வாசிக்க இயலாதவர்கள் நூலுக்குக் குற்றப் பத்திரம் எழுதினர்.

2018இல் முன்வைக்கப்பட்ட பயங்கரவாத எதிர்ப்பு மசோதா பொலிஸாரிடம் கூறும் ஒப்புதலைச் சான்றாக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டிருந்தது, அது சட்டமாகவில்லை. 2022 மார்ச்சில் பழைய சட்டத்துக்கே திருத்தம் வந்தது. தடுத்து வைக்கும் காலம் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது; நீதவான் சென்று கைதியைப் பார்வையிட வழி ஏற்பட்டது; நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்பதும் எழுத்தில் ஏறியது. ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றிய 16ஆம் பிரிவை மட்டும் அந்தத் திருத்தம் தொடவில்லை.