வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி



முப்பது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான். கிராமர்-ராவ் சமனிலியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அது எந்த வகுப்பறையில் பிறந்தது என்பதை மட்டும் மாணவர்களுக்கு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்தக் கடனை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி.சி. மகலனோபிஸ் இயற்பியல் ஆசிரியர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து ஊர் திரும்பும் சமயத்தில் 'பயோமெட்ரிக்கா' என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட, அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தவர். பின்னாளில் அந்தக் கல்லூரிக்குள்ளேயே ஒரு புள்ளியியல் ஆய்வகம் அமைத்தார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானதும் அங்கேதான்.

ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. ஆனால் முறையாகப் படித்துப் பட்டம் வாங்க வழி? 1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலுக்கென்று முதுகலைத் துறையைத் தொடங்கியது. நாட்டிலேயே முதல் துறை அது. மகலனோபிஸ்தான் பொறுப்பேற்றார். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆர்.சி. போஸ், எஸ்.என். ராய் போன்றவர்களே வந்து பாடம் எடுத்தார்கள்.

முதல் அணியில் சேர்ந்தவர்களில் ஒருவர் சி.ஆர். ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த இருபது வயது இளைஞர். கல்கத்தாவுக்கு அவர் போனது ராணுவ நில அளவைப் பிரிவில் வேலை தேடி. அது கிடைக்கவில்லை. தங்கியிருந்த இடத்தில் அறிமுகமான ஒருவர் மூலம் மகலனோபிஸின் நிறுவனத்தைப் பார்க்கப் போனவர், அங்கேயே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். பிறகு பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1943-ல் தங்கப் பதக்கத்தோடு தேறினார்.

அது என்ன காலம் என்று நினைத்துப் பாருங்கள். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. 1943-ல் வங்காளப் பஞ்சம். அந்த நகரத்தில்தான் இந்த வகுப்புகள் நடந்தன.

படிப்பு முடித்த கையோடு ராவ் அங்கேயே பாடம் நடத்தத் தொடங்கினார். ஒரு நாள் ஃபிஷரின் முடிவு ஒன்றை விளக்கினார். மாதிரி மிகப் பெரியதாக இருக்கும்போது, நம் மதிப்பீட்டின் பிழை ஓர் எல்லைக்குக் கீழே போகாது என்பது அதன் சாரம். அப்போது வி.எம். தாண்டேகர் என்ற மாணவர் கேட்டார்: மாதிரி சிறியதாக இருந்தாலும் இப்படி ஓர் எல்லை உண்டா?

ராவுக்கு விடை தெரியாது. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தார். மறுநாள் நிரூபணத்தோடு வகுப்புக்கு வந்தார். 1945-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. ஸ்வீடனின் கிராமரும் தனியாக அதே முடிவுக்கு வந்ததால் இருவர் பெயரும் சேர்ந்து நின்றுவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்கிட்டாலும், கையில் இருக்கும் தரவு அனுமதிப்பதற்கு மேல் துல்லியம் கிடைக்காது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் உண்மை இது. 2023-ல் புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு ராவுக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 102. அந்தக் கட்டுரைக்கு அதில் முக்கிய இடம் இருந்தது.

கேள்வி கேட்ட தாண்டேகரும் சாதாரணமானவர் அல்ல. பின்னாளில் பெரிய பொருளாதார அறிஞர். இந்தியாவில் எத்தனை பேர் ஏழைகள், அதை எப்படி அளப்பது என்று நீலகண்ட ரத்தோடு சேர்ந்து 1971-ல் அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. மனிதர் கேள்வி கேட்பதை நிறுத்தவேயில்லை!

இதை எழுதும்போது ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. கடைசி பெஞ்சில் உட்காரும் பையன். இதே பாடம் நடக்கும்போது எழுந்து, "சார், இந்த நிபந்தனை பொருந்தலைன்னா என்ன ஆகும்?" என்றான். எனக்கு அந்த நேரத்தில் விடை தெரியவில்லை. "அது சிலபஸ்ல இல்லப்பா, உட்கார்" என்றேன். அவன் அதற்குப் பிறகு கேள்வியே கேட்கவில்லை.

"தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? ராவ் செய்தது அவ்வளவுதானே. ஒரு துறையைக் கட்டடமோ, பதவியோ பெரிதாக்குவதில்லை. மாணவன் தயங்காமல் கேட்கவும், ஆசிரியர் வெட்கப்படாமல் தேடவும் இடம் இருந்தால் போதும்.

அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வகுப்பில் விடை கிடைக்காமல் போன கேள்வி ஏதாவது உண்டா? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.