ஆங்கிலக் கிராமத்துச் சாவுகள்: ஏடுகள் எழுதியதும் எழுதாமல் விட்டதும் (1538–1874)

ஆங்கிலக் கிராமமொன்றில் 1620-லோ 1780-லோ இறந்த ஒரு கூலியாள் எந்த நாளில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எதனால் இறந்தார் என்பதற்குத்தான் பதில் கிடைப்பதில்லை. ஏடுகள் அழிந்துபோனதையே இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அழிவு உண்மைதான்; 1640-களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களின் பதிவுகள் அறுந்துகிடக்கின்றன. ஆனால் முழுமையாகத் தப்பிப் பிழைத்த ஏடுகளும் இந்தக் கேள்விக்கு வாய்திறப்பதில்லை. சாவின் காரணத்தை எழுதிவைக்கும் தேவை நெடுங்காலம் எவருக்கும் இருக்கவில்லை. அரசனின் வருவாய், ஏழைகளுக்கான வரி, நஞ்சைப் பற்றிய அச்சம் என்று ஏதேனும் ஒன்று குறுக்கிட்டபோதுதான் காரணம் ஏட்டில் ஏறியது. 1538 முதல் 1874 வரையிலான ஆவணங்களைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538 செப்டம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கின் குருவும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் எழுத வேண்டும். புதிய வரி ஒன்றுக்கு அரசன் அடிபோடுகிறான் என்று மக்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். தொடக்கத்தில் பலரும் தாளில் எழுதினார்கள். 1598-இல் அவற்றைத் தோலேட்டில் படியெடுக்கும்படி உத்தரவு வந்தது. குறிப்பாக எலிசபெத் அரியணையேறிய காலம் முதல் படியெடுத்தால் போதும் என்ற சலுகையும் கூடவே வந்தது. இன்று எண்ணற்ற ஏடுகள் 1558-இல் தொடங்குவதன் மர்மம் இதுதான். இருபது ஆண்டுப் பதிவுகளைக் குருமார்களின் கைவலி விழுங்கிவிட்டது.

அந்த ஏடுகளில் இருப்பவை பெயரும் நாளும் மட்டுமே. அந்த நாளும் இறந்த நாளன்று, அடக்கம் செய்த நாள். குருவின் அக்கறை தாம் நடத்திய சடங்கோடு முடிந்தது. பிறகு வந்த சட்டங்கள் ஏட்டைத் தடிமனாக்கினவே தவிர நோயைப் பற்றிக் கேட்கவில்லை. கம்பளித் தொழிலைக் காக்க 1666-லும் 1678-லும் வந்த சட்டங்கள், பிணத்தைக் கம்பளியில்தான் சுற்ற வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம் என்றன. அதனால் ஒருவரை எந்தத் துணியில் புதைத்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. எந்த நோயில் இறந்தார் என்பது தெரிவதில்லை. 1783-இல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்னி முத்திரை வரி வந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்பதால், 1794-இல் வரி நீங்கும்வரை, ஏழை என்ற குறிப்பு அடக்கப் பதிவுகளில் திடீரென்று பெருகுகிறது. அதை வறுமையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வோர் சற்று நிதானிக்க வேண்டும்.

விதிவிலக்கு யார்க்‌ஷையரில் இருக்கிறது. வில்லியம் டேட் என்ற குரு 1770-களில் தம் ஏட்டில் வயது, பெற்றோர், சாவின் காரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் கோடிட்டார். 1777-இல் யார்க் பேராயர் இம்முறையைத் தம் மறைமாவட்டத்துக்குப் பரிந்துரைத்தார். இருந்தும் பல குருமார்கள் உழைப்பு அதிகம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ரோஸ் சட்டத்தின்படி 1813 முதல் நாடு முழுவதும் அச்சிட்ட படிவம் கட்டாயமானபோது, காரணத்துக்கான பத்தி அதில் இல்லை. டேட் சேர்த்ததைச் சட்டம் அழித்தது. ஆங்கிலப் பதிவு வரலாற்றில் இதைவிடப் பெரிய பின்னடைவு இல்லை என்பது என் கருத்து.

இயற்கைக்கு மாறான சாவுகளின் கதை வேறு. 1194-இல் உருவான கரோனர் (மரண விசாரணை அதிகாரி) பதவியின் முதல் நோக்கம் அரசனுக்குச் சேர வேண்டிய வருவாயைக் காப்பது. ஒருவரைக் கொன்ற பொருள், அது வண்டிச் சக்கரமோ குதிரையோ மரக்கிளையோ எதுவானாலும், ‘டியோடண்ட்’ என்ற பெயரில் அரசனுக்கு உரியதாகும். அதன் மதிப்பைக் கணிக்க வேண்டியிருந்ததால், சாவு நேர்ந்த விதத்தை ஜூரிகள் துல்லியமாக விசாரித்தார்கள். வண்டி எப்படிக் கவிழ்ந்தது, சக்கரம் உடலின் எந்தப் பகுதியில் ஏறியது, குதிரையின் விலை என்ன என்பனவெல்லாம் எழுதப்பட்டன. காய்ச்சலில் இறந்த பண்ணையாரைப் பற்றி ஒரு வரி இல்லாத ஊரில், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்த வேலையாளின் கடைசி நிமிடம் இப்படித்தான் நமக்குக் கிடைக்கிறது.

டியூடர் காலத்து விசாரணை அறிக்கைகளை ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கன் தம் குழுவினரோடு ஆராய்ந்தார். அவற்றில் தண்ணீர்தான் பெரிய கொலையாளி. குளத்தில் நீர் மொண்டவர்களும், துணி துவைத்தவர்களும், வேலை முடிந்து ஆற்றில் குளித்தவர்களும் மூழ்கிப்போனார்கள். வில்வித்தைப் பயிற்சியில் குறி தவறிய அம்பு பட்டு இறந்தவர்களும் உண்டு. வொர்ஸ்டர்ஷையரின் அப்டன் வாரனில் 1569-இல் மஞ்சள் பூப் பறிக்கப்போன இரண்டரை வயதுச் சிறுமி நீரில் விழுந்து இறந்த பதிவைக் கன் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். அவளுடைய குடும்பப் பெயர் ஷேக்ஸ்பியரின் பெயரை ஒத்திருந்ததால் நாளிதழ்கள் அச்செய்தியைக் கொண்டாடின. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நீரில் மூழ்கும் ஒஃபீலியாவின் மூலம் அவளா என்ற ஊகத்தைவிட, ஓர் எளிய வீட்டுக் குழந்தையின் சாவு இவ்வளவு விரிவாக ஏட்டிலேறியதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த அறிக்கைகளை வாசிக்க முனைவோருக்கு 1733 வரை லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். ஜூரிகளின் இரக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தற்கொலை குற்றம் என்று தீர்ப்பானால் இறந்தவரின் உடைமை பறிபோகும். உடல் நாற்சந்தியில் புதைக்கப்படும். நாற்சந்திப் புதைப்பு 1823 வரை நீடித்தது; உடைமைப் பறிப்பு 1870 வரை சட்டத்தில் இருந்தது. குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகப் பல ஜூரிகள் சித்தப்பிரமை என்று தீர்ப்பளித்தார்கள்; பதினெட்டாம் நூற்றாண்டில் அதுவே பொதுவழக்காயிற்று. ஆகவே அந்தத் தீர்ப்பை மருத்துவக் குறிப்பாக வாசிப்பது தவறு. காசும் தன் வேலையைக் காட்டியது. 1752 முதல் கரோனருக்கு விசாரணைக்கு 20 ஷில்லிங், பயணத்துக்கு மைலுக்கு 9 பென்னி. பணம் கொடுக்கும் பொறுப்பு மாவட்ட நீதிபதிகளிடம் இருந்தது. தேவையற்ற விசாரணை என்று அவர்கள் கருதினால் கட்டணத்தை மறுத்துவிடுவார்கள். தொலைதூரக் குக்கிராமத்தில் ஒரு மூதாட்டி திடீரென்று இறந்துகிடந்தால், கரோனர் குதிரையேறுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அவர்கள் சமர்ப்பித்த பில்கள் இன்று நல்ல ஆதாரம். வில்ட்‌ஷையர் பில்கள் 1752 முதல் 1796 வரையிலானவை அச்சிலேயே கிடைக்கின்றன.

டியோடண்டை முடித்துவைத்தது ரயில். 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பெர்க்‌ஷையரின் சானிங் பள்ளத்தில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் ரயில் விபத்தில் இறந்தபோது ஜூரிகள் 1,000 பவுண்டு டியோடண்ட் விதித்தார்கள். வண்டிச் சக்கரத்துக்குச் சில ஷில்லிங் என்றிருந்தவரை எவரும் கவலைப்படவில்லை. கம்பெனிகளின் பணப்பையில் கை விழுந்ததும் 1846-இல் நாடாளுமன்றம் அதை ஒழித்தது.

சரி, விபத்தில் இறக்காத பெரும்பான்மையோர்? அங்கே தனி வரி உதவாது. பக்கம் முழுவதையும் வாசிக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் ஏடுகளை எண்ணி 1981-இல் வெளியிட்ட மக்கள்தொகை வரலாறு இம்முறைக்கு அடித்தளம். ஒரே வீட்டில் சில நாள் இடைவெளியில் பலர், அதுவும் கோடையின் இறுதியில் இறந்தால் பிளேக்கைச் சந்தேகிக்கலாம். டெர்பிஷையரின் ஈயம் கிராமத்தில் 1665 செப்டம்பரில் தொடங்கிய பிளேக் மறு ஆண்டு ஆகஸ்டில் உச்சத்தைத் தொட்டது இந்த வகை. கொத்துக்கொத்தாக அன்றி ஊர் முழுவதும் பரவலாக, குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சாவுகள் ஏறி, கூடவே ஞானஸ்நானங்களும் குறைந்தால் பஞ்சம் நினைவுக்கு வர வேண்டும். கம்பர்லாந்தின் கிரேஸ்டோக் ஏட்டில் 1623-இல் இந்த ஊகத்துக்கே இடமில்லை. அவ்வூர்க் குரு வழக்கத்தை மீறி, பிச்சையெடுத்துத் திரிந்தவர்களும் ஏழைக் குழந்தைகளும் உணவின்றி இறந்தார்கள் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார். ஆங்கிலக் குடியானவர்கள் உண்மையிலேயே பட்டினியால் செத்தார்களா என்ற விவாதத்தில் பீட்டர் லாஸ்லெட்டும் ஆண்ட்ரூ ஆப்பிள்பியும் திரும்பத் திரும்ப நாடியது இந்த ஏட்டைத்தான். குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சில நாள்களில் தாயின் அடக்கம் வந்தால் பிரசவச் சாவு என்று கொள்ளலாம். எனினும் நூறு பிரசவங்களுக்குச் சுமார் ஒரு தாய் என்ற அளவிலேயே அத்தகைய சாவுகள் இருந்தன. ஒவ்வோர் இளம் மனைவியின் சாவையும் பிரசவத்தின் தலையில் கட்டுவது பொருந்தாது.

எஸெக்ஸ், கென்ட் கரையோரச் சதுப்பு நிலங்களில் ஏடு வேறு விதமாகப் பேசும். அங்கே பிறப்பைவிட அடக்கம் அதிகம். டேனியல் டிஃபோ தம் பயண நூலில் அவ்வட்டாரத்து ஆண்கள் ஐந்தாறு மனைவியரைக் கட்டியதாகவும், சிலர் பதினான்கு பதினைந்துவரை போனதாகவும் எழுதுகிறார். மேட்டு நிலத்திலிருந்து வாழவந்த பெண்கள் முறைக்காய்ச்சலில் விழுந்து இறந்துவிடுவார்களாம். எண்ணிக்கையில் டிஃபோவின் கைவரிசை இருக்கலாம். ஆனால் அந்த முறைக்காய்ச்சல் மலேரியா என்பதையும், சதுப்பிலிருந்து சில மைல் தள்ளி மேட்டு ஊர்களுக்குப் போனாலே சாவு விகிதம் இறங்குவதையும் மேரி டாப்சன் 1997-இல் வந்த நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். மூதாதையின் ஊர் எந்த உயரத்தில் இருந்தது என்பதும் ஓர் ஆவணமே.

1837 ஜூலை முதல் நாளில் அரசுப் பதிவு தொடங்கியது. இறப்புச் சான்றில் முதன்முறையாகக் காரணத்துக்கு ஒரு பத்தி வந்தது. வந்தும் என்ன? அதை மருத்துவர் நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. படுக்கையருகில் இருந்த உறவினரோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ பதிவாளரிடம் சொன்னதே காரணம். முதுமை, இளைப்பு, இழுப்பு, இறைவனின் செயல் என்று பத்திகள் நிறைந்தன. ஷ்ராப்‌ஷையரின் கென்லி என்ற சிற்றூரில் ஏழை வீட்டில் பிறந்த வில்லியம் ஃபார் 1839-இல் பதிவு அலுவலகத்தில் சேர்ந்து, நோய்களுக்குச் சீரான பெயர்ப்பட்டியல் வகுக்கப் போராடினார். மருத்துவர்களுக்கு அச்சிட்ட சான்றுப் படிவங்கள் 1845-இல் அனுப்பப்பட்டன.

ஃபார் முதல் அறிக்கையிலேயே பட்டினியைச் சாவுக் காரணங்களில் ஒன்றாகக் கணக்கிட்டார். புதிய ஏழைச் சட்டத்தின் சிற்பியான எட்வின் சாட்விக் சீறினார். பெரும்பாலானவை தாய்ப்பால் கிடைக்காத சிசுக்களின் சாவுகள் என்று வாதிட்டார். பசி நேராகக் கொல்வது அரிது, நோயின் வழியாகக் கொல்கிறது என்பது ஃபாரின் பதில். கிரேஸ்டோக் குரு எளிதாக எழுதிய ஒன்றை, ஏழைகளுக்கு அரசே பொறுப்பேற்ற காலத்தில் ஓர் அதிகாரி எழுதுவது அரசியலாகிவிட்டது. 1840-களில் எஸெக்ஸ் கிராமங்களில் பாஷாணக் கொலைப் பீதி பரவியதும் சான்றிதழ் பற்றிய கவலையைக் கூட்டியது. அந்தப் பாஷாணமான ஆர்செனிக்கின் விற்பனைக்கு 1851-இல் கட்டுப்பாடு வந்தது.

சான்றில் காரணம் இருப்பதாலேயே உண்மை இருக்கிறது என்றாகாது. ஜூலியன் ஹண்டர் என்ற மருத்துவர் 1864-இல் வெளிவந்த அரசு அறிக்கைக்காகக் கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் வட்டாரங்களில் சுற்றினார். வயல் நடுவே, ஆலை நகரங்களுக்கு ஈடாகச் சிசுக்கள் ஏன் இறக்கின்றன என்பதே கேள்வி. கூலிக் கும்பல்களோடு தாய்மார்கள் வயலுக்குப் போக, வீட்டில் கிழவிகள் குழந்தைகளின் அழுகையை அபின் கலந்த மருந்தால் அடக்கினார்கள் என்று உள்ளூர் மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் இந்த அறிக்கையைப் பயன்படுத்தினார். கூலிக் கும்பல்களைக் கட்டுப்படுத்த 1867-இல் சட்டம் வந்தது. அந்தக் குழந்தைகளின் சான்றுகளை இன்று வரவழைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் இழுப்பு, மெலிவு போன்ற சொற்களையே காண்பார். அபின் அதில் இராது.

மருத்துவச் சான்றைப் பதிவோடு கட்டாயமாக இணைத்தது 1874-ஆம் ஆண்டுச் சட்டம். வட்டாரச் செய்தித்தாள்களும் அதற்குள் பெருகிவிட்டன. மதுக்கடையின் பின்னறையில் நடந்த மரண விசாரணையைச் சாட்சிகளின் வாய்மொழியோடு அவை அச்சிட்டன. கரோனரின் சொந்த ஏடுகள் தொலைந்த இடங்களில் இவையே கைகொடுக்கும். கதிரடிக்கும் இயந்திரத்தில் கைகால் சிக்கி இறந்தவர்களின் செய்திகள் அவற்றில் மலிந்திருந்தன; அந்த இயந்திரங்களுக்குத் தடுப்பு கட்டாயம் என்று 1878-இல் சட்டமே வந்தது. ஆயினும் 1874 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கடைசி நோயின்போது நோயாளியைப் பார்த்திருந்தால் போதும், பிணத்தை மருத்துவர் பார்க்க வேண்டியதில்லை. 1893-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதைக் கண்டித்தது. கரோனரிடம் போகாத ஒவ்வொரு சாவையும் இன்னொரு மருத்துவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2024 செப்டம்பரில்.