வெண்திரையின் இரவல் ஒளி

'காமிரா' என்பது 'கம்ரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. அரபு கற்பிப்பவன் என்ற முறையில் இதை ஏற்பதற்கில்லை. அது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். இருட்டறை என்னும் பொருளில் கெப்ளர் 1604இல் அமைத்த தொடரின் முற்பாதி. துளை வழியே கதிரவனின் உரு தரையில் விழுவதையும், கிரகணத்தின்போது அது பிறையாவதையும் கிரேக்கர்களே கண்டிருந்தனர். இப்னுல் ஹைதம் அவர்களுக்கு இத்தகைய கடன்பட்ட பெருமை தேவையில்லை. அவர்களுக்கு உரியது வேறொன்று. அதைத்தான் எவரும் பேசுவதில்லை.

ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்பேரறிஞர், ஏழு பாகங்களாலான 'கிதாபுல் மனாளிர்' நூலில் ஒளியை இருவகையாகப் பிரிக்கிறார்கள். கதிரவன், விளக்கு போலத் தானே ஒளிர்வதிலிருந்து புறப்படுவது 'தாத்தீ'. பிறிதோர் ஒளி பட்டதால் ஒளிர்வதிலிருந்து புறப்படுவது 'அரளீ'. இரவல் ஒளி எனலாம். (ஈஸாகூஜி ஓதியவர்களுக்கு இச்சொற்கள் புதியனவல்ல.) இரவல் ஒளி, பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் பரவும் என்றும், மெருகேறிய கண்ணாடி ஒளியை ஒரு திசையில் திருப்புவது இதனின்று வேறு என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இந்நூலின் இலத்தீன் பெயர்ப்பு 1572இல் பாசெல் நகரில் அச்சாயிற்று. கெப்ளர் கற்றவற்றுள் அதுவும் ஒன்று.

திரையரங்கு இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டியபோது மக்கள் கண்டது திரையின் இரவல் ஒளியையே. திரைக்குப் பதில் கண்ணாடி நின்றிருந்தால் படம் தெரிந்திராது. விளக்கின் கூச்சம் மட்டும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். மெருகற்ற வெண்பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் தான் பெற்றதை எல்லாப் பக்கமும் ஈவதால்தான் நடு இருக்கையும் ஓர இருக்கையும் ஒரே படத்தைக் காண்கின்றன. அலுமினியம் பூசிய 'வெள்ளித்திரை'யில் கண்ணாடிக் குணம் சற்றுக் கூடுதல். நடுவில் அமர்ந்தவருக்கு ஒளி மிகும், ஓரத்தில் குன்றும். எனினும் முப்பரிமாணப் படங்களில் இரு கண்களுக்குமுரிய ஒளிகளின் அதிர்வுத்தளம் கலையாமல் திரும்ப வேண்டியிருப்பதால் அதையே பயன்படுத்துகின்றனர்.

இரவல் ஒளிக்கு ஒரு குறையுண்டு. கறுப்பை எந்தக் கருவியாலும் திரைமீது வீச இயலாது. ஒளி விழாத இடமே கறுப்பு. வாயிற்கதவு திறந்தால் அந்தக் கறுப்பு வெளிறிவிடும். அரங்கை இருளாக்குவது இதற்காகவே.

வீட்டுத் தொலைக்காட்சி வேறு வழியில் வந்தது. பழைய படக்குழாயில் எலெக்ட்ரான்கள் தாக்க, கண்ணாடியின் உட்பூச்சு தானே ஒளிர்ந்தது. அதன்பின் பரவிய எல்.சி.டி.யில் பின்புறம் விளக்கு, முன்புறம் திரவப் படிக மடைகள். எந்த மடையும் முற்றாக அடைவதில்லை. கசியும் ஒளியால் கறுப்பு சாம்பலாகிறது. 1987இல் டாங், வான் ஸ்லைக் இருவரும் அறிவித்த ஓ.எல்.இ.டி. முறையில் விளக்கும் இல்லை, மடையும் இல்லை. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் தானே ஒளிர்ந்து தானே அணையும். அணைந்தால் கறுப்பு கறுப்பேதான். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் அருகருகே உள்ளன. கண்தான் அவற்றைக் கலக்கிறது. பல நிறக் கோடுகளிட்ட பம்பரம் சுழலும்போது ஒரே நிறமாய்த் தெரிவதை எடுத்துக்காட்டி, நிறத்தை உணரவும் பார்வைக்குக் காலம் வேண்டும் என்று இப்னுல் ஹைதம் அவர்கள் எழுதியதை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை.

2017இல் சியோல் நகரத் திரையரங்கு ஒன்றில் படவீழ்த்தியே இல்லாத எல்.இ.டி. திரை நிறுவப்பட்டது. 'அரளீ' குடியிருந்த இடத்திற்கு 'தாத்தீ' வந்துவிட்டது. ஆனால் வழக்கமான திரையின் நுண்துளைகள் வழியே பின்னிருந்து வந்த ஒலிக்கு இதில் வழியில்லை. ஒலிபெருக்கிகளைத் திரையைச் சுற்றி இடம்மாற்ற வேண்டியதாயிற்று.