விருப்ப வரிசை வாக்குமுறையில் வாக்காளர் தரும் தகவலின் அளவு: 1969, 2024 தேர்தல்கள் ஓர் ஒப்பீடு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. இத்தொகுதிகளின் வாக்காளர் ஒருவரை மட்டுமே தெரிவு செய்வர். ஏனைய வேட்பாளர் பற்றிய அவர்தம் கருத்து வாக்கில் பதிவாவதில்லை. ஆயின், அவர்கள் அனுப்பும் உறுப்பினர்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். அரசியலமைப்பின் 55ஆம் உறுப்பு வகுத்த ஒற்றை மாற்று வாக்குமுறை இது. இதில் முதல் விருப்பம் மட்டுமே கட்டாயமாகும். வரிசை முழுமை பெறாவிடில் முடிவு பாதிக்கப்படுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1969: இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்

தருமபுரி மாவட்டம் 1965இல் உருவாயிற்று. நான்காண்டுகளுக்குப் பின், 1969 ஆகஸ்டு 16இல் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் 15 பேர் போட்டியிட்டனர். பதினைவரை வரிசைப்படுத்தும் வழிகள் 1.3 இலட்சம் கோடிக்கும் மேற்பட்டவை. எனினும், இறுதிச் சுற்றுக்குத் தேவைப்பட்ட தகவல் ஒன்றே: வி.வி. கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டி ஆகிய இருவருள் வாக்காளர் எவரை முன்வைத்தார் என்பது. முதல் எண்ணிக்கையில் வாக்கு மதிப்பின்படி கிரி 4,01,515, ரெட்டி 3,13,548 பெற்றனர். ஏனையோர் பெற்றவை 1,21,274. விருப்பங்கள் மாற்றப்பட்டபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிவு அமைந்தது. இருவருள் எவருக்கும் சேராதவை 10,833, வேறுபாடோ 14,650. சேராதவை அனைத்தும் ரெட்டிக்குச் சென்றிருப்பினும் கிரியே வென்றிருப்பார்.

2024: இலங்கை ஜனாதிபதித் தேர்தல்

இலங்கையில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை இடலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில் முதலிருவர் தவிர அனைவரும் ஒருசேர நீக்கப்படுவர். 1982 முதல் நடைபெற்றுவரும் ஜனாதிபதித் தேர்தல்களில் 2024 செப்டம்பரிலேயே முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகள் பெற்றனர். பிறர் பெற்ற 33,21,666 வாக்குகளுள் இவ்விருவருக்கும் சேர்ந்தவை 2,73,131 மட்டுமே. அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடு. எஞ்சிய 30,48,535 வாக்குகள் இறுதி வேறுபாடான 12,09,277ஐ விஞ்சின. அவை யாவும் பேசியிருப்பின், அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டைப் பெற்றாலன்றிச் சஜித் வென்றிருக்க இயலாது. முடிவு மாறியிருக்கும் என்பதற்கு இது சான்றாகாது. எனினும், மாறியிருக்க இயலாது என 1969இல் கூறியவாறு இங்குக் கூற இயலவில்லை.

முடிவுரை

வாக்காளர் நீண்ட வரிசை தருவது இன்றியமையாததன்று. இறுதியில் எஞ்சும் இருவரை ஒப்பிடும் தகவல் அவ்வரிசையில் இருத்தலே இன்றியமையாதது. எச்சுற்றிலும் சேராத வாக்குகள் வெற்றி வேறுபாட்டினும் குறைவாயின் அக்குறை முடிவைத் தொடாது. மிகுமாயின், வாக்காளரின் மௌனமும் முடிவில் பங்கு கொண்டிருக்கக்கூடும். அம்மௌனம் இருவரையும் வேண்டாமை குறித்ததா, முறையை அறியாமை குறித்ததா என்பதை வாக்குச்சீட்டு காட்டுவதில்லை. ஆதலின், தேர்தல் வரலாற்றை எழுதுவோர் இறுதி எண்ணிக்கையுடன் சேராத வாக்குகளையும் பதிவு செய்தல் வேண்டும்.